காட்டோரக் குடும்பமும் காட்டுயிர்க் கல்வியும்



இயற்கைக் கல்வியைப் பற்றிப் பேச வேண்டும் என்று அறக்கட்டளையினர் அழைத்தபோது, ஆந்திரத்தின் காட்டோர வட்டாரமான ராமகுப்பத்தை மையமாக வைத்துப் பேச விரும்புகிறேன் என்றேன். அதன் காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காட்டுயிர்க் கல்வி என்ற பெயரில் நாம் நடத்தும் நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை காட்டைப் பார்க்க வருகிறவர்களுக்காக நடக்கின்றன. காட்டை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு அவை போய்ச் சேருவது குறைவு. அந்தக் கல்வி முதலில் அவர்களுக்குப் போக வேண்டும். பள்ளிப் பிள்ளைக்கு மட்டும் என்று நிறுத்தாமல், பாட்டி முதல் பேத்தி வரை குடும்பமாகப் போக வேண்டும். அந்தக் குடும்பங்களே அதில் ஆசிரியர்களாகவும் இருக்க வேண்டும். இந்த உரையில் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றவை எல்லாம் இதற்கான காரணங்களும் எடுத்துக்காட்டுகளும்.

யானை திரும்பி வந்த மண்

ராமகுப்பம் சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கில், குப்பம் சட்டமன்றத் தொகுதிக்குள் இருக்கும் மண்டலம். ஒரு பக்கம் கர்நாடகத்தின் கோலார் தங்கவயல் பகுதி, இன்னொரு பக்கம் தமிழகத்தின் வாணியம்பாடிப் பக்கம். தெலுங்கும் தமிழும் கன்னடமும் கலந்து புழங்கும் வட்டாரம் இது. திராவிடப் பல்கலைக்கழகம் 1997இல் குப்பத்தில் அமைந்ததும் இந்த மொழிக் கூட்டுறவை மனத்தில் வைத்துத்தான். கர்நாடகத்தில் பிறக்கும் பாலாறு, ஆந்திரத்துக்குள் சுமார் 33 கிலோமீட்டர் மட்டும் ஓடித் தமிழகத்துக்குள் நுழைவதும் இந்தப் பகுதி வழியாகத்தான். மனிதர் போட்ட மூன்று மாநில எல்லைகளையும் ஆறு பொருட்படுத்தவில்லை. யானையும் பொருட்படுத்தவில்லை.

ஆந்திரத்தின் இந்தப் பகுதியில் ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகளாகக் காட்டு யானை இல்லை. 1980களின் நடுவில், ஓசூர், ஆனேக்கல் பக்கத்துக் காடுகளில் வறட்சியும் நெருக்கடியும் மிகுந்தபோது, யானைக் கூட்டங்கள் வடகிழக்காக நகர்ந்து குப்பம், பலமனேர் காடுகளுக்கு வந்தன. சில போயின, சில தங்கிவிட்டன. தங்கியவற்றுக்காக 1990இல் கௌண்டின்யா காட்டுயிர்ச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு சுமார் 358 சதுர கிலோமீட்டர். கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றும். ஆனால் அது நீண்டு ஒடுங்கிய காடு. எந்தப் பக்கம் சற்று நடந்தாலும் கேழ்வரகுக் கொல்லையோ கரும்புத் தோட்டமோ வந்துவிடும். வளர்ந்த யானை ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோ தீனியும் நூறு லிட்டருக்கு மேல் தண்ணீரும் வேண்டும். ஒடுங்கிய காட்டுக்குள் கோடையில் இரண்டும் கிடைக்காது.

இங்கே நான் உங்கள் கவனத்தை வேண்டுவது ஒரு செய்திக்காக. முதுமலையிலோ வயநாட்டிலோ வாழும் பழங்குடி மக்களுக்கு யானையோடு பழகிய அறிவு தலைமுறை தலைமுறையாக வந்தது. அது காற்றடிக்கும் திசையைப் படிக்கும் அறிவு, சாணத்தின் சூட்டைப் படிக்கும் அறிவு. ராமகுப்பத்து உழவருக்கு அப்படி ஒரு பாட்டன் சொத்து இல்லை. அவருடைய தாத்தா வாழ்ந்த ஊரில் யானை கிடையாது. கோயிலில் பார்த்திருந்தால் உண்டு. இன்றைக்கு அறுபது, எழுபது வயதில் இருப்பவர்கள்தான் முதல் யானையைக் கண்ட தலைமுறை. ஆக, அந்த ஊர்களின் யானை அறிவுக்கு வயது நாற்பது. அந்த நாற்பது வருடப் படிப்புக்கு அவர்கள் கொடுத்த விலை பயிர், பம்புசெட்டுக் குழாய், சில வீடுகளில் உயிர். யானைகளும் விலை கொடுத்தன. பயிரைக் காக்கத் திருட்டுத்தனமாக மின்சாரம் பாய்ச்சிய கம்பிகளில் யானைகளும் மாண்டன, அறியாமல் மிதித்த மனிதர்களும் மாண்டார்கள்.

அரசு சும்மா இருக்கவில்லை. அகழி வெட்டினார்கள், சூரிய மின்வேலி போட்டார்கள். ராமகுப்பம் மண்டலத்து நனியாலாவில் வனத்துறையின் யானை முகாம் இருக்கிறது. காட்டு யானைகளை விரட்டப் பழக்கிய யானைகளைக் கும்கிகள் என்பார்கள். ஜெயந்த், விநாயக் என்ற கும்கிகளை அந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்குப் பெயர் சொல்லித் தெரியும். 2025 மே மாதம் கர்நாடக அரசு மேலும் சில கும்கிகளை ஆந்திரத்துக்குக் கொடுத்தது. அவற்றுக்காகப் பலமனேரை அடுத்த முசலிமடுகுவில் முகாம் அமைந்தது. இவை எல்லாம் தேவைதான். ஆனால் கும்கி வந்து சேருவதற்கு முன், வனக்காப்பாளர் வந்து சேருவதற்கு முன், இரவு பதினொரு மணிக்குக் கொல்லையில் கரும்பு முறிகிற சத்தம் கேட்கும்போது அங்கே இருப்பது ஒரு குடும்பம். அந்த ஐந்து நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பது அந்தக் குடும்பத்துக்கு என்ன தெரியும் என்பதைப் பொறுத்தது.

பள்ளிப் பாடம் போதாதா?

சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க வழிகாட்டியது. அதன் பயனாக இன்று பாடநூல்களில் உணவுச் சங்கிலி இருக்கிறது, அழியும் உயிரினங்களின் பட்டியல் இருக்கிறது. இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பள்ளி கொடுத்த அடித்தளம் அது. ஆனால் காட்டோர ஊரில் முடிவெடுப்பது பத்து வயதுப் பிள்ளை இல்லை. கொல்லையில் பந்தம் பிடித்துக் காவல் இருப்பவர் அப்பா. விடியும் முன் சுள்ளி பொறுக்கவும் ஆடு ஓட்டவும் போகிறவர் அம்மா. கம்பியில் மின்சாரம் விடலாமா என்று யோசிப்பவர் சித்தப்பா. யானை வந்துவிட்டது என்று கேட்டதும் கைப்பேசியோடு ஓடுகிறவன் கல்லூரி அண்ணன். பிள்ளை வகுப்பில் படித்ததை வீட்டில் சொன்னால், "போடா, யானையைப் பற்றி எனக்கே சொல்லித் தருகிறாயா" என்று அடக்கிவிடுவார்கள். எல்லோரும் ஒரே இடத்தில் ஒரே செய்தியைக் கேட்டால்தான் அது வீட்டில் நிலைக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு தெரியும். எந்த ஓடையில் எந்த மாதம் தண்ணீர் நிற்கும் என்று ஆடு மேய்ப்பவருக்குத் தெரியும். எந்தப் பலா எப்போது பழுக்கும், அதன் வாசனைக்கு எது வரும் என்று பாட்டிக்குத் தெரியும். யானை எந்த மேட்டில் ஏறி எந்த வழியில் இறங்குகிறது என்று கரும்பு வெட்டுகிறவருக்குத் தெரியும். அந்தத் துண்டுகள் ஒன்று சேர்வதற்கு ஒரு மேடை இல்லை. குடும்ப நிகழ்ச்சி என்று நான் சொல்வது அந்த மேடையைத்தான்.

சென்னைக் கடற்கரை காட்டிய வழி

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு முதலில் சென்னைக் கடற்கரையைக் காட்டுவேன். 1970களின் தொடக்கத்தில் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த ரோமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் பங்குனி ஆமைகள் என்ற கடல் ஆமைகளைத் தேடி இரவில் அந்த மணலில் நடந்தார்கள். 1988இல் மாணவர்கள் கடல் ஆமைப் பாதுகாப்புக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அன்று முதல் ஜனவரி தொடங்கிக் கோடையின் முதல் பகுதி வரை, நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட கடற்கரையில் இரவு நடை நடக்கிறது. வார இறுதியில் பொதுமக்களும் சேர்ந்துகொள்கிறார்கள். அப்பா, அம்மா, தூக்கக் கலக்கத்தில் பிள்ளைகள், சில சமயம் தாத்தா, பாட்டி.

அந்த நடையின் ஒழுங்கைக் கவனியுங்கள். முதலில் உட்கார வைத்து விளக்கம் சொல்கிறார்கள். பிறகு டார்ச் அடிக்கக் கூடாது, ஆமையைத் தொடக் கூடாது, கூட்டமாகச் சூழக் கூடாது என்ற விதிகள். பிறகு பல கிலோமீட்டர் நடை. பல இரவுகளில் ஆமை வராது. வெறும் மணலும் அலையும்தான். வந்தால், நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளைத் தன்னார்வலர்கள் எடுத்துப் பொரிப்பிடத்தில் புதைப்பார்கள். சுமார் ஒன்றரை மாதத்தில் குஞ்சு பொரிந்து கடலுக்குப் போகும். அதைப் பார்க்கவும் குடும்பங்கள் வருகின்றன.

இப்படி நடந்தவர்கள் வளர்ந்து என்ன ஆனார்கள் என்பதுதான் முக்கியம். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையெங்கும் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, அவற்றை எண்ணிப் பதிவு செய்து ஊரறியச் செய்தவர்கள் இந்தக் கடற்கரையை அறிந்த தன்னார்வலர்கள். இழுவலையில் சிக்கி மூச்சு முட்டிச் சாகின்றன, கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் இழுவைப் படகு வரக் கூடாது என்ற விதியைச் செயல்படுத்துங்கள் என்று கேட்க அவர்களுக்கு அறிவும் இருந்தது, உரிமையும் இருந்தது. ஒருநாள் கண்காட்சியால் இது வராது. ஆண்டுதோறும் அதே மணலில் அதே மாதத்தில் நடந்ததால் வந்தது.

சூளூர்ப்பேட்டையும் பொங்கலும்

சித்தூர், திருப்பதி வட்டாரத்திலேயே ஒரு பெரிய எடுத்துக்காட்டு உண்டு. 2022 ஏப்ரலில் ஆந்திர மாவட்டங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது சூளூர்ப்பேட்டை திருப்பதி மாவட்டத்துக்கு வந்தது. அதோடு நேலபட்டுப் பறவைச் சரணாலயமும் பழவேற்காடு ஏரியின் ஆந்திரப் பகுதியும் வந்தன. நேலபட்டில் தண்ணீரில் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டும். ஏரியில் பூநாரைகள் இறங்கும். அவற்றைக் கொண்டாடப் பூநாரைத் திருவிழா நடக்கிறது. சில ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2025 ஜனவரி 18 முதல் 20 வரை அரசு அதை மீண்டும் நடத்தியது. குடும்பம் குடும்பமாக மக்கள் வந்தார்கள். பறவைக்காக ஒரு மாநில அரசு மூன்று நாள் விழா எடுப்பது மதிக்கத்தக்க செயல்.

ஆனால் ராமகுப்பத்துக்கு அந்த அளவு பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். பூநாரை தொலைவில் நிற்கும், ஏரி விரிந்தது, கூட்டம் கரையில் நின்று பார்க்கலாம். யானைக் காட்டில் கூட்டமே ஆபத்து. அங்கே வேண்டியது சிறியது, அடிக்கடி நடப்பது, வீட்டு வாசலுக்கு அருகில் நடப்பது.

அதற்கு மாதிரி பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு. தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015இல் தொடங்கினார்கள். பொங்கல் விடுமுறை நாட்களில் வீட்டு மாடியிலோ வயல் வரப்பிலோ குளக்கரையிலோ கால்மணி நேரம் நின்று, கண்ட பறவைகளை எண்ணி எழுதுவது. செலவில்லை, நுழைவுச்சீட்டு இல்லை, காட்டுக்குள் போக வேண்டியதில்லை. கரிச்சானும் மைனாவும் போதும். பண்டிகைக்கு எல்லோரும் ஊருக்கு வந்திருக்கும் நாள் என்பதால் குடும்பமே சேர்ந்து செய்யலாம். பண்டிகையோடு பறவை எண்ணுவது வெளிநாட்டிலும் உண்டு. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் நாளில் யார் அதிகம் பறவை சுடுவது என்று போட்டி வைக்கும் வழக்கம் இருந்தது. 1900இல் பிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர், சுடுவதற்குப் பதிலாக எண்ணுங்கள் என்றார். முதல் ஆண்டு 27 பேர் எண்ணினார்கள். அந்தக் கணக்கெடுப்பு நூற்றாண்டைத் தாண்டி இன்றும் தொடர்கிறது. ஒரு பண்டிகைப் பழக்கத்தை நல்ல திசைக்குத் திருப்ப முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ராமகுப்பத்தில் சங்கராந்திக்கு மறுநாள் கனுமா. மாட்டைக் குளிப்பாட்டிக் கொண்டாடும் நாள். அன்று காலை கால்மணி நேரம் பறவைக்கு ஒதுக்குவது யாருக்கும் பாரமாகாது.

அச்சத்துக்கு மருந்து தகவல்

யானையோடு வாழும் ஊருக்கு நேரான பாடம் வால்பாறையில் கிடைக்கிறது. அங்கே தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே யானைகள் நடமாடுகின்றன. இயற்கைப் பாதுகாப்புக் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், மனிதர்கள் ஏன் இறந்தார்கள் என்று ஒவ்வொரு நிகழ்வாக ஆராய்ந்தார்கள். பெரும்பாலோர் யானை நிற்பது தெரியாமல் மாலை இருட்டில் எதிரே போய் அகப்பட்டவர்கள். குறை துணிவில் இல்லை, தகவலில் இருந்தது. எனவே யானை நிற்கும் இடத்தை உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சியில் ஓட விட்டார்கள். 2011 முதல் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். யானை பக்கத்தில் இருந்தால் எரியும் சிவப்பு விளக்குகளை உயரத்தில் வைத்து, அவற்றைப் போடும் பொறுப்பை மக்களிடமே கொடுத்தார்கள். உயிரிழப்பு குறைந்தது. காரணம், அந்தத் தகவலை நம்பி அதன்படி நடக்கும் பழக்கம் தொழிலாளர் குடும்பங்களுக்குள் வேரூன்றியது.

அறிவு அச்சத்தைக் குறைக்கும் விதத்துக்கு இன்னொரு எடுத்துக்காட்டு. யானை ஏன் கேழ்வரகுக்கு வருகிறது? பழி வாங்க வருகிறது என்று நம்புவோர் உண்டு. யானை ஆய்வாளர் ராமன் சுகுமார் 1980களில் தென்னிந்தியக் காடுகளில் செய்த ஆய்வில், முதிரும் கேழ்வரகில் காட்டுப் புல்லைவிடப் புரதமும் சுண்ணச்சத்தும் உப்புச்சத்தும் மிகுதி என்று காட்டினார். கூட்டத்தைவிட வளர்ந்த ஆண் யானைகளே அதிகம் பயிருக்கு வருகின்றன என்றும் கண்டார். இதைக் கேட்ட உழவருக்கு நட்டம் குறைந்துவிடாது. ஆனால் எந்த வாரம் விழிப்பாக இருக்க வேண்டும், தனியாக வரும் கொம்பனிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும், குட்டியோடு வரும் கூட்டத்திடம் எப்படி விலகி நிற்க வேண்டும் என்று பிரித்துப் பார்க்கும் தெளிவு வரும்.

ராமகுப்பத்தில் எப்படித் தொடங்கலாம்

இனி என் முன்மொழிவுகள்.

முதலாவது, இடம். ஊர்ப் பள்ளி வளாகம், ஏரிக்கரை, பட்டுப்புழு வளர்க்கும் கொட்டகைத் திண்ணை. பகல் நேரம். யானையைத் தேடிக் காட்டுக்குள் யாரையும் கூட்டிப் போகக் கூடாது. முகாம் யானைகளைப் பார்க்கக் குடும்பங்களை அழைத்துப் போனால், அங்கே பேச வேண்டியவர் பாகன். யானையின் கண், காது, வால் என்ன சொல்கின்றன என்று படிக்கத் தெரிந்தவர் அவர்.

இரண்டாவது, மொழி. தெலுங்கிலும் தமிழிலும் கன்னடத்திலும் நடக்க வேண்டும். விளக்கம் எழுதிய அட்டைகளைவிடப் பேச்சுக்கு முதலிடம் வேண்டும். மா. கிருஷ்ணன் தமிழில் காட்டுயிர் பற்றி எழுதியதும், சு. தியடோர் பாஸ்கரன் இன்றும் எழுதிவருவதும் இந்த நம்பிக்கையில்தான்: வீட்டு மொழியில் பேசப்படாத அக்கறை வீட்டுக்குள் நுழையாது.

மூன்றாவது, வரிசை. முதலில் பேச வேண்டியவர்கள் ஊர்ப் பெரியவர்கள். முதல் யானை வந்த ஆண்டு, அன்று ஊர் என்ன செய்தது, எது பலித்தது, எது உயிரைக் கொண்டுபோனது என்பதை அவர்கள் சொல்ல வேண்டும். அடுத்து வனத்துறை அலுவலர்: யாருக்குத் தகவல் சொல்வது, இழப்பீட்டுக்கு எப்படி எழுதுவது, எந்தச் சான்று வேண்டும் என்பது. இழப்பீட்டு மனு எழுதக் கற்றுத் தருவதும் காட்டுயிர்க் கல்விதான். நட்டம் தீராத வீட்டில் பரிவு தங்காது. மூன்றாவதாகப் பிள்ளைகள்: அவர்கள் வரைந்த ஊர்ப் படத்தில் யானை வழி, திறந்த கிணறு, தாழ்ந்த மின்கம்பி எல்லாம் குறிக்கப்பட வேண்டும்.

நான்காவது, பாடம். யானை மட்டும் போதாது. கௌண்டின்யாக் காட்டில் தேவாங்கு இருக்கிறது. இரவில் விழித்துப் பூச்சி தின்னும் அந்தச் சிறு விலங்கைச் சூனியத்துக்கென்று பிடித்துத் துன்புறுத்தும் மூடநம்பிக்கை தென்னிந்தியாவெங்கும் இருந்தது. தமிழகத்தில் 2022இல் கடவூர் மலையில் தேவாங்குக்கென்றே இந்தியாவின் முதல் சரணாலயம் அமைந்தது. பாறைக் குன்றுகளில் மட்டும் வாழும் மஞ்சள் தொண்டைச் சின்னான் என்ற பறவையும் இந்தக் காட்டில் உண்டு. தென்னிந்தியா தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை அது. யானையால் நட்டம் பட்ட ஊருக்குத் தன் காட்டைப் பற்றிப் பெருமைப்படவும் ஒரு காரணம் வேண்டும். இந்த உயிர்கள் அதைக் கொடுக்கும்.

ஐந்தாவது, நாள்காட்டி. சங்கராந்தியில் பறவைக் கணக்கு. கோடையில் நீர்நிலைகளைப் பார்த்துக் குறிப்பது. ஆகஸ்ட் 12, உலக யானை நாளில் பெரியவர்கள் பேச்சு. அக்டோபர் 2 முதல் 8 வரை காட்டுயிர் வாரத்தில், கேழ்வரகு முதிரும் முன், பாதுகாப்புப் பயிற்சி. ஆண்டுக்கு நான்கு நாள். அதே ஊர், அதே குடும்பங்கள், ஆண்டுதோறும்.

ஆறாவது, பதிவு. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம், ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு வேண்டும் என்கிறது. பல ஊர்களில் அது அலுவலகத்திலேயே எழுதி முடிக்கப்படும் ஏடு. இந்த நிகழ்ச்சிகளில் பாட்டி சொன்னதையும் பேத்தி எண்ணியதையும் அந்தப் பதிவேட்டில் ஏற்றினால், சட்டம் கேட்டதும் நிறைவேறும், ஊரின் அறிவுக்கு ஓர் உரிமைப் பத்திரமும் கிடைக்கும்.

நிறைவாக

காட்டோர மக்களை நாம் இரண்டு விதமாகத்தான் பேசுகிறோம். ஒன்று, யானைக்கு எதிரிகள் என்று. இன்னொன்று, யானையால் அல்லலுறும் பாவப்பட்டவர்கள் என்று. அவர்கள் இரண்டும் இல்லை. இருநூறு ஆண்டு யானை இல்லாத மண்ணில், திடீரென்று யானையோடு வாழக் கற்றுக்கொள்ள நேர்ந்தவர்கள். யாரும் சொல்லித் தராமல் நாற்பது ஆண்டில் அவர்கள் படித்தது ஏராளம். அந்தப் படிப்பு முதல் தலைமுறையோடு மறைந்துவிடக் கூடாது. முதல் யானையைக் கண்டவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். இன்னும் பத்து, பதினைந்து ஆண்டுகள்தான் அவர்களைக் கேட்க முடியும்.

ஆகவே என் வேண்டுகோள் மூவருக்கு. பல்கலைக்கழகத்தாருக்கும் கல்லூரி ஆசிரியர்களுக்கும்: உங்கள் மாணவர்களை ஆண்டுக்கு நான்கு நாள் இந்த ஊர்களுக்கு அனுப்புங்கள், எழுதிக்கொள்ள, கேட்டுக்கொள்ள. வனத்துறைக்கும் ஊராட்சிகளுக்கும்: வேலிக்கும் அகழிக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கைக் குடும்பக் கல்விக்கு ஒதுக்குங்கள். இந்த அவையில் இருக்கும் பெற்றோர்களுக்கு: வரும் பொங்கலன்று உங்கள் பிள்ளையோடு வாசலில் கால்மணி நேரம் நின்று பறவைகளை எண்ணுங்கள், ராமகுப்பத்துக்கு நாம் கேட்பதை நம் வீட்டில் முதலில் தொடங்குங்கள்.